விமான நிலையக் கம்பம் நடும்போது வானத்தையும் கணக்கில் வையுங்கள்

விமான நிலையத்தில் வயர்லெஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது, "ஓடுபாதையின் அந்தக் கோடி வரை சிக்னல் எட்டுமா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் கை வைப்பவர் கூடவே இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: நாம் அனுப்புவதில் மேலே எவ்வளவு போகிறது? இதில் தவறினால் தரையில் ஒன்றும் தெரியாது. நெட்வொர்க் ஓடும், யாரும் புகார் தரமாட்டார்கள், எந்தத் திரையிலும் சிவப்பு எழுத்து வராது. பாதிப்பு 1,414 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளில் நடக்கும்.

கணக்குப் போட்டுப் பழகப் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இப்படியொரு ஆன்டெனாக் கம்பம் நிற்கிறது என்று அர்த்தமில்லை. இது தாளில் போடும் பயிற்சி. சுமார் 1,500 மீட்டரில் ஒரே ஓடுபாதை, பெரிதாக மேடுபள்ளம் இல்லாத நிலம், கிழக்கே சில கிலோமீட்டரில் கடல். பழகுவதற்கு இதைவிடத் தோதான அளவு கிடைக்காது. கடலூர் மாவட்டத்து நெய்வேலி விமான தளத்துக்கும் இதே கணக்கு பொருந்தும்.

யார் வீட்டில் யார் குடியிருக்கிறார்

விமான நிலையத் தரைப்பகுதிக்கென்றே உருவான வயர்லெஸ் முறைக்கு ஏரோமேக்ஸ் என்று பெயர். விமானம், விமானத்தைத் தள்ளிச்செல்லும் வண்டி, தீயணைப்பு வண்டி, ஓடுபாதை உணரிகள், கட்டுப்பாட்டுக் கோபுரம் எல்லாம் இதில் பேசிக்கொள்ளலாம். அடிப்படை, வைமாக்ஸ் என்ற பழைய வயர்லெஸ் இணைய முறைதான். 5091 முதல் 5150 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல்களில் ஓடும். 2007-ம் ஆண்டின் உலக ரேடியோ மாநாடு இந்தப் பட்டையை விமான நிலையத் தரைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு திறந்துவிட்டது. பறக்கும் விமானத்தோடு பேச இது இல்லை.

அதே பட்டையில் முன்பே குடியிருப்பவர் குளோபல்ஸ்டார் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் தொலைத்தொடர்பு நிறுவனம். தரையிலுள்ள அதன் நுழைவாயில் நிலையங்கள் 5091 முதல் 5250 மெகாஹெர்ட்ஸ் வரை தம் செயற்கைக்கோள்களுக்கு மேல்நோக்கி அனுப்புகின்றன. 2022-ல் ஐபோனில் வந்த செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி வசதி இந்தக் கோள்களில்தான் ஓடுகிறது. அந்த வசதி இந்தியாவில் கிடையாது; கோள்கள் என்னவோ நம் தலைக்கு மேலும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

செயற்கைக்கோள் அங்கே அனுப்புவதில்லை, கேட்கிறது என்பதை மனதில் வையுங்கள். கேட்கும் காது மேலே இருப்பதால் அதற்குத் தெரியும் நிலப்பரப்பும் பெரிது. புதுச்சேரிக்கு நேர் மேலே நிற்கும் கோளுக்குச் சுமார் 3,900 கிலோமீட்டர் ஆரத்துக்குத் தரை தெரியும். தில்லி, டாக்கா, பாங்காக், சிங்கப்பூர், கொழும்பு எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு நிலையத்தின் கம்பம் தனியாகப் பார்த்தால் ஒன்றுமேயில்லை. நூற்றுக்கணக்கான நிலையங்களின் கசிவு ஒரே காதில் சேரும்போதுதான் வம்பு. மொத்தமும் சேர்ந்து கோளின் ஏற்பியில் இரைச்சலை 2 விழுக்காட்டுக்கு மேல் கூட்டக் கூடாது என்ற அளவுகோலை வைத்துத்தான் ஆய்வுகள் நடந்தன. வலுவை ஒப்பிடும் அலகான டெசிபெலில் அது 0.09 கூட இல்லை. "நம்ம ஊர் சின்ன நிலையம், ரெண்டு டெசிபெல் கூடினால் என்ன?" என்று ஒவ்வொருவரும் கேட்க ஆரம்பித்தால் அந்த 2 விழுக்காடு எப்போதோ தீர்ந்துவிடும்.

அனுமதியும் சேனலும்

இது வைஃபை போல உரிமம் இல்லாமல் ஓட்டும் பட்டை அல்ல. தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளை ஒதுக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவில் அலைவரிசை அனுமதி வேண்டும். கம்பம் நிற்கும் இடத்துக்கு, சாக்ஃபா எனப்படும் அலைவரிசை ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் தனி. இரண்டுக்கும் சரள் சஞ்சார் இணையதளம் வழியாக விண்ணப்பம். கம்பத்தின் உயரத்துக்கு விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்று வேறு. ஆன்டெனாவின் மாடல், உயரம், திசை, சாய்வு என்று விண்ணப்பத்தில் எதை எழுதுகிறீர்களோ அதையே நட வேண்டும். பிறகு மாற்றினால் காகிதத்தையும் மாற்றுங்கள்.

5095-ல் தொடங்கி 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 5145 வரை 11 சேனல்களுக்கு இடமுண்டு. சிறிய நிலையத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். கடைசிச் சேனலின் மேல் விளிம்பு 5147.5; வைஃபையின் 36-ம் சேனல் 5170-ல் தொடங்குகிறது. முனையக் கட்டடத்தில் 36-ம் சேனல் ஓடினால் 5145-ஐத் தவிர்ப்பது நல்லது.

வலுக் கணக்கு: இங்கே அவசரப்படாதீர்கள்

ஒரு திசையில் ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் பயன்வலு என்பது அனுப்பியின் வலுவோடு ஆன்டெனாவின் ஆதாயத்தை (அந்தத் திசையில் அது வலுவைக் குவிக்கும் அளவை) கூட்டி, கேபிள் இழப்பைக் கழித்தால் வருவது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் தரநிலை, ஒரு செக்டரின் (ஒரு திசைப்பகுதியைப் பார்க்கும் ஆன்டெனாவின்) பயன்வலுவுக்கு ஒரே எண்ணைச் சொல்லவில்லை. ஏற்றக்கோணத்துக்கு, அதாவது அடிவானத்திலிருந்து மேல்நோக்கிய கோணத்துக்கு, ஏற்ற ஒரு படிக்கட்டையே சொல்கிறது. அடிவானத்திலிருந்து 1.5 டிகிரி வரை 39.4 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபெலில் சொல்லும் வலு). அங்கிருந்து 7.5 டிகிரிக்குள் 24.4 டிபிஎம்முக்கு இறங்கிவிட வேண்டும், அதாவது டிகிரிக்கு 2.5 டெசிபெல். 27.5 டிகிரி வரை அதே 24.4. அதற்கு மேல் சிறிது சிறிதாக இறங்கி, நேர் உச்சியில் 17.4.

தாழ்ந்த கோணத்தில் ஏன் இவ்வளவு தாராளம்? நேர் மேலே உள்ள கோளுக்கு 1,414 கிலோமீட்டர். அடிவானத்தில் இருப்பதற்குச் சுமார் 4,470. தூரத்தால் மட்டும் 10 டெசிபெல் வித்தியாசம் வந்துவிடுகிறது. போதாததற்கு வழியில் மரமும் கட்டடமும் உண்டு.

இனி ஓர் உதாரணம். அனுப்பி 23 டிபிஎம். கேபிளும் இணைப்பிகளும் 1.5 டெசிபெல் தின்னும். செக்டர் ஆன்டெனாவின் ஆதாயம் 15 டிபிஐ, அதன் செங்குத்துக் கற்றை அகலம் (மேலும் கீழுமாகக் கற்றை விரியும் கோணம்) 7 டிகிரி. உச்ச வலு 23 − 1.5 + 15 = 36.5 டிபிஎம். 39.4-க்குள் இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுகிறார்கள். உண்மையில் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

முதன்மைக் கற்றைக்குள் ஒரு குத்துமதிப்பு வாய்ப்பாடு உண்டு: கற்றையின் நடுவிலிருந்து விலகிய கோணத்தைக் கற்றை அகலத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 12-ஆல் பெருக்குங்கள். விடை அந்தக் கோணத்தில் குறையும் டெசிபெல். ஆன்டெனா துல்லியமாக மட்டமாக நிற்கிறது என்று வையுங்கள். 5 டிகிரி ஏற்றத்தில் குறைவு 6.1, மிச்சம் 30.4. அங்கே வரம்பு 30.65. தப்பித்தோம், ஆனால் கால் டெசிபெல்லில்! இப்போது கிளாம்பை முறுக்கியவர் ஆன்டெனாவை ஒரே ஒரு டிகிரி மேல்நோக்கி விட்டுவிட்டார் என்று கொள்ளுங்கள். 6 டிகிரி ஏற்றத்தில் 30.4 போகும், அங்கே வரம்பு 28.15. இரண்டு டெசிபெல்லுக்கு மேல் மீறல். கண்ணால் பார்த்தால் ஆன்டெனா நேராகத்தான் தெரியும்.

அதையே 2 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்தால்? 5 டிகிரி ஏற்றத்தில் 24.5 மட்டும் போகிறது. வரம்புக்குக் கீழே 6 டெசிபெல் இடம். இதற்காகத் தரையில் இழப்பது எவ்வளவு? கம்பம் ஓடுபாதையின் நடுப்பகுதியை ஒட்டி 12 மீட்டர் உயரத்தில் இருந்தால், 750 மீட்டரில் உள்ள கோடி 0.9 டிகிரி கீழே தெரியும். சாய்த்த கற்றையின் நடுவிலிருந்து அது 1.1 டிகிரிதான் விலகல், இழப்பு 0.3 டெசிபெல். வானத்துக்கு 6 மிச்சம், ஓடுபாதைக்கு 0.3 நட்டம். சாய்க்காமல் விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

முதன்மைக் கற்றைக்கு வெளியே வேறு கோணங்களில் கசியும் பக்கக் கற்றைகளுக்கு இந்த வாய்ப்பாடு செல்லாது. அதற்குத் தயாரிப்பாளர் தரும் ஆன்டெனா வடிவக் கோப்பைத் திறந்து, டிகிரி டிகிரியாகப் படிக்கட்டோடு ஒப்பிட வேண்டும். இந்த உதாரணத்தில் 7.5 டிகிரிக்கு மேல் வரும் எந்தப் பக்கக் கற்றையும் உச்சத்தைவிட 12.1 டெசிபெல்லாவது தாழ்ந்திருக்க வேண்டும். நேர் உச்சியில் 19.1. சாதாரண அடுக்கு ஆன்டெனாவின் முதல் பக்கக் கற்றை 13 டெசிபெல் அளவில்தான் தாழ்ந்திருக்கும். ஆகவே வாங்கும்போதே மேல் பக்கக் கற்றை 18 டெசிபெல்லுக்குக் கீழே அடக்கப்பட்டது எது என்று பார்த்து வாங்குங்கள். வடிவக் கோப்பு தராத விற்பனையாளரிடம் விலை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

கணக்கில் வழக்கமாக விழும் ஓட்டைகள் மூன்று. முதலாவது இரட்டை ஆன்டெனா. அனுப்பியின் திரையில் 23 என்று தெரியும். அது ஒரு வாயிலுக்கு (ஆன்டெனா இணையும் முனைக்கு) மட்டும். இரண்டு வாயிலும் சேர்ந்தால் 26. மொத்தம் 23 வேண்டுமானால் வாயிலுக்கு 20 வையுங்கள். அடுத்தது கேபிள். எல்எம்ஆர் 400 வகைக் கேபிள் 5 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்குச் சுமார் 0.33 டெசிபெல் தின்னும். கீழே பெட்டியில் இருந்த ரேடியோவைக் கம்பத்தின் மேலே ஏற்றி, 10 மீட்டர் கேபிளை 3 மீட்டராக்கினால் 2.3 டெசிபெல் சும்மா கூடிவிடும். நல்ல வேலை செய்த திருப்தியில் அனுப்பியைக் குறைக்க மறந்துவிடுவார்கள். மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது, அளக்கும்போது பார்ப்போம்.

சாய்வை அளப்பது

0.1 டிகிரி காட்டும் டிஜிட்டல் கோணமானி ஒன்று கையில் இருக்க வேண்டும். கைபேசி செயலி இதற்கு ஆகாது. கோணமானியை ஆன்டெனாவின் பின்முகத்தில் வையுங்கள், கம்பத்தில் அல்ல. ஒருமுறை படித்ததும், கருவியைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி வைத்துப் படியுங்கள். இரண்டின் சராசரிதான் உண்மை. கருவியின் சொந்தப் பிழை அதில் அடிபட்டுப் போகும். ஆன்டெனாவின் பின்பக்க முத்திரையைப் படிக்காமல் இறங்காதீர்கள். சில ஆன்டெனாக்களில் 2 டிகிரி மின்சாய்வு (ஆன்டெனாவைச் சாய்க்காமலே கற்றையைத் தாழ்த்தும் அமைப்பு) உள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். அது தெரியாமல் கிளாம்பிலும் சாய்த்தால் ஓடுபாதைக் கோடியில் ஓட்டை விழும். சிக்னல் வரவில்லை என்று யாராவது வலுவைக் கூட்டுவார்கள். கதை மறுபடி முதலிலிருந்து.

கிளாம்பால் சாய்த்தால் முன்பக்கம் தாழும்போது பின்பக்கம் உயரும். மின்சாய்வில் அந்தத் தொல்லை இல்லை. முன்பின் விகிதம் (முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் எவ்வளவு குறைவாகப் போகிறது என்ற அளவு) 25 டெசிபெல் உள்ள ஆன்டெனாவுக்கு இது கவலைப்படும் அளவில்லை. மலிவு ஆன்டெனாவுக்குக் கவலைப்பட வேண்டும். எதிரே சரிவான தகரக் கூரையோடு ஹேங்கர் இருந்தால் கற்றையை நேரே அதன்மேல் விடாதீர்கள். கீழே போகும் ஆற்றலை அது கண்ணாடி மாதிரி வானத்துக்குத் திருப்பிவிடும்.

வலுவை அளப்பது

மேலே போவதை நேரடியாக அளக்க எளிய வழி இல்லை. ட்ரோன் ஏற்றி அளக்கலாமே என்று தோன்றும். விமான நிலைய எல்லைக்குள் அனுமதியின்றி ட்ரோன் ஏற்றினால் நீங்கள்தான் முதல் இடைஞ்சல். ஆகவே மூன்றைத் தனித்தனியே உறுதிசெய்து கூட்டிக்கொள்ள வேண்டும்: ஆன்டெனா வாயிலில் அளந்த வலு, தயாரிப்பாளரின் வடிவக் கோப்பு, அளந்த சாய்வு.

வாயிலில் அளக்கும்போதுதான் அந்த மூன்றாவது ஓட்டை. ஏரோமேக்ஸ் ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பிக் கேட்கும். 5 மில்லிசெகண்ட் சட்டகத்தில் ஒரு பங்கு அனுப்புவதற்கு, மிச்சம் கேட்பதற்கு. சாதாரண வலுமானி முழு நேரத்துக்கும் சராசரி காட்டும். அனுப்பும் பங்கு 60 விழுக்காடு என்றால் மானி 2.2 டெசிபெல் குறைத்துக் காட்டும். அதைப் பார்த்து "வலு போதவில்லை" என்று கூட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அனுப்பும் நேரத்துக்குள் மட்டும் சராசரி எடுக்கும் மானியை வையுங்கள். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: கணப்பொழுது உச்சங்களைக் கண்டு பயந்து வலுவை வெட்டிவிடுவார்கள். தரநிலை கேட்பது சராசரியைத்தான். நூற்றுக்கணக்கான அனுப்பிகளின் உச்சங்கள் ஒரே நொடியில் சேர்ந்து வராது.

வண்டிகளுக்கு வரம்பு மொத்தம் 30 டிபிஎம். வண்டியின் கூரையில் வைக்க, பக்கவாட்டில் பரப்பும் குச்சி ஆன்டெனா சரி. ஜிபிஎஸ் ஆன்டெனா மாதிரி தட்டையாக இருக்கும் பேட்ச் வகை, கூரையில் படுக்க வைத்தால் நேரே வானத்தைத்தான் பார்க்கும். அழகாக இருக்கிறதென்று அதை வாங்க வேண்டாம்.

வைஃபையும் இதே வானத்தின் கீழேதான்

ஏரோமேக்ஸ் கம்பத்தைத் தொடும் வாய்ப்பு எல்லோருக்கும் வராது. நிறுத்துமிடத்தில் வெளிப்புற வைஃபை பொருத்தும் வேலை வரும். வைஃபையின் 36 முதல் 48 வரையான சேனல்கள் 5170 முதல் 5250 வரை, அதாவது அதே குளோபல்ஸ்டார் பட்டையின் மேல்பாதியில் உட்கார்ந்திருக்கின்றன. அமெரிக்கா 2014 வரை இவற்றை வீட்டுக்குள் மட்டுமே அனுமதித்தது. வெளியே விட்டபோதும் 30 டிகிரிக்கு மேல் 125 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை போட்டது. இந்தியாவில் 2018 அக்டோபர் அறிவிக்கை இந்தப் பட்டையை உள்ளும் வெளியும் உரிமமின்றித் திறந்தது. அதன் வரம்பு அட்டவணையை அச்செடுத்துப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.

சட்டம் அனுமதித்தாலும் வெளிப்புறத்துக்கு எங்கள் தேர்வு 149 முதல் 161 வரையான சேனல்கள்தான். அவை 5735-க்கு மேலே ஓடுகின்றன. இந்தக் கோளின் காதில் விழாது. 36 முதல் 48 வரை கட்டடத்துக்குள் இருக்கட்டும். கூரையில் தொங்கவிடச் செய்த வைஃபை பெட்டியை வெளிச்சுவரில் மல்லாக்கப் பொருத்துவது எங்கும் காணும் கோளாறு. அதன் கற்றை முகப்புப் பக்கம்தான் பரவும். மல்லாக்க வைத்தால் பயணிக்குக் கொஞ்சம், வானத்துக்கு நிறைய.

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 தவிர வேறு சேனல் வேண்டாம். 13-ம் சேனலின் மேல் விளிம்பு 2483-ஐ உரசும். 2483.5 முதல் 2500 வரை, இந்தியாவின் வழிகாட்டும் செயற்கைக்கோள் முறையான நாவிக்கின் எஸ் பட்டை இறங்குகிறது. குளோபல்ஸ்டார் கோள்கள் பயனருக்கு அனுப்புவதும் அங்கேதான்.

கம்பத்தின் உச்சியில் நேரம் ஒத்திசைக்க ஒரு ஜிபிஎஸ் ஆன்டெனா இருக்கும். பழுதான மலிவு ஜிபிஎஸ் ஆன்டெனாவின் உள்ளே இருக்கும் பெருக்கி ஊசலாடத் தொடங்கினால் தானே அனுப்பியாகிவிடும். 1575.42 மெகாஹெர்ட்ஸில் ஜிபிஎஸ்ஸோடு, அதன் பிழையைத் திருத்தித் தரும் இந்தியச் செயற்கைக்கோள் முறையான ககனும் இருக்கிறது. விமானத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்: 2019-ல் வந்த ஜெமினி கருவி, கடலில் இருக்கும் மீனவருக்குப் புயல் எச்சரிக்கையை இந்த ககன் வழியாகத்தான் தருகிறது. ஸ்பெக்ட்ரம் அனலைசரை (எந்த அலைவரிசையில் எவ்வளவு வலு என்று காட்டும் கருவியை) ஒருமுறை 1575 பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

உப்பும் புயலும்

இந்தக் கடற்கரையில் பொருத்திவிட்டு மறப்பது நடக்காது. உப்புக்காற்றில் இணைப்பி துருப்பிடித்தால் இழப்பு கூடும். வலுவைக் கூட்டி ஈடுகட்டுவார்கள். பிறகு இணைப்பியை மாற்றும்போது கூட்டிய வலு அப்படியே நின்றுவிடும். எனவே இணைப்பி, கேபிள், ஆன்டெனா எதை மாற்றினாலும் வாயில் வலுவை மறுபடி அளப்பது கட்டாயம். ஒவ்வொரு இணைப்பியிலும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் வெயில் தாங்கும் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். மேலிருந்து சுற்றினால் மடிப்புக்குள் மழைநீர் இறங்கும். கிளாம்பும் போல்ட்டும் துருப்பிடிக்காத 316 வகை எஃகில் இருக்கட்டும்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில்தான் கரையேறியது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. 12 மீட்டர் கம்பத்தின் உச்சி 21 சென்டிமீட்டர் விலகினாலே ஒரு டிகிரி சாய்வு வந்துவிடும். ஊறிப்போன மண்ணில் அடித்தளம் அசைய இது பெரிய விலகல் இல்லை. கம்பம் விழாமல் நிற்பதால் யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. கம்பம் பின்னால் சாய்ந்தால் ஆன்டெனா மேலே பார்க்கும், முன்னால் சாய்ந்தால் கீழே. இரண்டு செக்டர் எதிரெதிரே இருந்தால் ஒன்று நிச்சயம் மேலே பார்க்கும்.

ஐப்பசிக்கு முன் ஒருமுறை, மழைக்காலம் முடிந்து தையில் ஒருமுறை, இடையில் புயல் வந்தால் காற்று நின்று மேலே ஏறுவது பாதுகாப்பு என்றான உடனே ஒருமுறை, ஒவ்வொரு செக்டரின் சாய்வையும் வாயில் வலுவையும் அளந்து பதிவேட்டில் தேதியோடு எழுதுங்கள். பழைய எண்ணிலிருந்து சாய்வு அரை டிகிரியோ வலு ஒரு டெசிபெல்லோ நகர்ந்திருந்தால், சரிசெய்யும் வரை அந்தச் செக்டரை 3 டெசிபெல் இறக்கி ஓட்டுங்கள்.